கோயில் கட்டி உலகை வெல்லலாமா? சிவிலைசேஷன் விளையாட்டில் கலாச்சார வெற்றியின் கதை

கம்ப்யூட்டர் கேம் என்றாலே துப்பாக்கி, கார் ரேஸ், அடிதடி என்றுதான் வீட்டில் பெரியவர்கள் நினைத்துக் கொள்கிறார்கள். ஆனால் சதுரங்கம் மாதிரி, ஆளுக்கொரு டர்ன் என்று நிதானமாக யோசித்து ஆடுகிற விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் மிகப் பெயர் பெற்றது 'சிவிலைசேஷன்'. கி.மு. 4000-இல் நாடோடிக் கூட்டம் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதை வைத்து ஒரு நாகரிகத்தை உருவாக்கு" என்று சொல்லிவிடும். ஊர் அமைக்க வேண்டும், எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பக்கத்து நாட்டானோடு சண்டையோ சமாதானமோ செய்ய வேண்டும். "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று உட்கார்ந்தவர்களுக்கு விடிந்துவிடும் என்பது இந்த விளையாட்டைப் பற்றிய பழைய ஜோக். ஜோக் இல்லை, உண்மை!

இந்த விளையாட்டில் படை எடுக்காமலே ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பெயர் கலாச்சார வெற்றி. கோயில், நூலகம், பல்கலைக்கழகம், கலைஞர்கள் ஆகியவற்றை வைத்தே உலகத்தை வெல்வது. கேட்க அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் கலாச்சார வெற்றியும் வேண்டும், ஸ்கோரும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் கதை வேறு மாதிரி போகிறது. அந்தக் கதைதான் இது.

ஆரம்பத்தில் கலாச்சாரமே இல்லை

சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் சேர்ந்து உருவாக்கிய முதல் சிவிலைசேஷன் 1991-இல் மைக்ரோபுரோஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. அதில் ஜெயிக்க இரண்டே வழி. ஒன்று, எல்லோரையும் அழிப்பது. இரண்டு, ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரத்துக்கு முதலில் விண்கலம் அனுப்புவது. ராக்கெட் அல்லது ரத்தம்!

ஆனால் ஸ்கோர் கணக்கு மட்டும் அப்போதே கொஞ்சம் மென்மையாக இருந்தது. மகிழ்ச்சியான குடிமகன் ஒருவருக்கு 2 புள்ளி, திருப்தியாக இருப்பவருக்கு 1 புள்ளி, உலக அதிசயம் ஒன்றுக்கு 20 புள்ளி. மாசுபட்ட நிலத்துக்குப் புள்ளி குறையும். உலகம் முழுக்கச் சமாதானமாக இருக்கும் ஒவ்வொரு டர்னுக்கும் 3 புள்ளி கூடும். ஆக, ஜெயிப்பது ஒரு கணக்கு, எவ்வளவு நன்றாக ஜெயித்தோம் என்பது இன்னொரு கணக்கு. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப் போகாததுதான் பின்னால் எல்லாப் பிரச்சினைக்கும் காரணம்.

இதற்கு ஒரு வருடம் முன்பு, 1990-இல், அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை ஒரு கருத்தைப் புத்தகமாக எழுதினார். ஒரு நாடு பிற நாடுகளை மிரட்டியோ காசு கொடுத்தோ மட்டும் வழிக்குக் கொண்டுவருவதில்லை, தன் கலாச்சாரத்தாலும் கொள்கைகளாலும் கவர்ந்தும் கொண்டுவரும் என்பது அதன் சாரம். அதை 'மென் சக்தி' என்கிறார்கள். சோவியத் நாட்டு இளைஞர்கள் ஜீன்ஸுக்கு ஏங்கியதை நினைத்துக் கொள்ளுங்கள். இந்தக் கருத்து சிவிலைசேஷன் விளையாட்டுக்குள் வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

2001: எண்ணாக மாறிய பண்பாடு

ஃபிராக்சிஸ் நிறுவனம் உருவாக்கி 2001 அக்டோபரில் வந்த சிவிலைசேஷன் 3-இல்தான் கலாச்சாரம் ஒரு எண்ணாக வந்தது. கோயில் ஒன்று கட்டினால் டர்னுக்கு 2 கலாச்சாரப் புள்ளி. நூலகத்துக்கு 3. பல்கலைக்கழகத்துக்கு 4. இவை ஊரில் சேர்ந்து கொண்டே போகும். 10 சேர்ந்தால் ஊரின் எல்லை விரியும். 100 சேர்ந்தால் இன்னும் விரியும். 1000-க்கு இன்னொரு முறை. ஒரு சிப்பாய்கூட நகராமல் நாட்டின் எல்லைக்கோடு தானாகத் தள்ளிப் போவதைப் பார்ப்பது அந்தக் காலத்தில் புது அனுபவம்.

வெற்றிக்கு இரண்டு வழி வைத்தார்கள். ஒரே நகரம் 20,000 கலாச்சாரப் புள்ளியைத் தொட வேண்டும். அல்லது நாடு முழுவதும் சேர்ந்து 1,00,000 தொட வேண்டும், அதோடு இரண்டாவது இடத்தில் இருப்பவனைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். எதிரியிடம் 60,000 இருந்தால் 1,00,000 போதாது, 1,20,000 வேண்டும்.

இதில் ஒரு அருமையான நுணுக்கம் உண்டு. ஒரு கட்டடத்துக்கு ஆயிரம் வயது ஆனால் அது தரும் கலாச்சாரம் இரட்டிப்பாகும். பழமைக்கு மரியாதை! ஆனால் இந்த விளையாட்டில் எல்லா டர்னும் ஒரே நீளம் இல்லை. தொடக்கத்தில் ஒரு டர்ன் என்பது 50 வருடம். பிறகு 40, 25, 20, 10, 5, 2 என்று சுருங்கிக் கடைசியில் ஒரு டர்ன் ஒரு வருடம் ஆகிவிடும். கி.பி. 2050-இல் மொத்தம் 540 டர்னோடு ஆட்டம் முடியும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கி.மு. 1750-இல் ஒரு கோயில் கட்டப்படுகிறது. 40 டர்னில் அதற்கு ஆயிரம் வயது ஆகிவிடும். அதுவரை 80 புள்ளி. அதன்பின் டர்னுக்கு 4 வீதம் கி.பி. 1750 வரை 250 டர்ன், அதாவது 1000 புள்ளி. மொத்தம் 1080. அதே கோயிலைக் கி.பி. 250-இல் கட்டினால் ஆயிரம் வயதாக 100 டர்ன் ஆகும். கி.பி. 1750 வரை மொத்தம் 600 புள்ளிதான். கி.பி. 1250-இல் கட்டினால் வெறும் 200. செலவு ஒன்றுதான், செங்கல் ஒன்றுதான். கி.பி. 1050-க்குப் பிறகு கட்டியது ஆட்டம் முடிவதற்குள் இரட்டிப்பாகவே முடியாது.

அதனால்தான் கலாச்சார வெற்றியை நாடுபவர்கள் பாபிலோனைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த விளையாட்டில் பாபிலோனியர்களுக்கு மதம், அறிவியல் என்று இரண்டு குணம். கோயிலும் பாதி விலை, நூலகமும் பாதி விலை. 200 ஊர் அமைத்து ஒவ்வொன்றிலும் ஒரு கோயில், ஒரு நூலகம் கட்டினால் டர்னுக்கு 1000 கலாச்சாரம். நூறே டர்னில் ஒரு லட்சம்! ஆயிரம் வயதானால் அதிலும் பாதி நேரம்.

சரி, 200 ஊருக்கு இடம் எங்கிருந்து வரும்? பக்கத்து நாட்டிலிருந்துதான்.

ஸ்கோர் ஆசை வந்தால்

சும்மா ஜெயித்தால் போதும் என்பவர் சின்ன நாடாக இருந்து, ஒரே நகரத்தில் அதிசயமாகக் கட்டி 20,000 தொட்டுவிடலாம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வரும் பட்டியலில் அவர் பெயர் கீழே எங்கோ இருக்கும். ஏன் என்றால், சிவிலைசேஷன் 3-இன் ஸ்கோரில் கலாச்சாரத்துக்குத் தனியாகப் புள்ளியே கிடையாது! எல்லைக்குள் இருக்கும் நிலக் கட்டங்கள், மகிழ்ச்சியான மக்கள், திருப்தியான மக்கள் ஆகியவைதான் முக்கியமான கணக்கு. ஒவ்வொரு டர்னிலும் இதைக் கணக்கிட்டு, கடின நிலைக்கேற்பப் பெருக்கி, ஆட்டம் முழுவதற்கும் சராசரி எடுப்பார்கள். சீக்கிரம் ஜெயித்தால் மிச்சமிருக்கும் வருடங்களுக்கேற்ப ஒரு போனஸ்.

சராசரி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒருவருக்கு முதல் 300 டர்னில் சராசரி 500 என்று வைத்துக் கொள்வோம். பிறகு நாடு பெருத்து டர்னுக்கு 2000 வருகிறது. அப்போது ஜெயித்து முடிப்பதைவிட, முடிக்காமல் இழுத்துக் கொண்டே போனால் 540-ஆவது டர்னில் சராசரி 1166 ஆகிவிடும். தாமதத்தால் போகும் போனஸ் எவ்வளவு? கடைசிக் காலத்தில் ஒரு டர்னுக்கு ஒரு வருடம்தான். இழப்பு மிகச் சிறியது. ஆகவே ஜெயிக்கும் நிலையில் இருந்தும் ஜெயிக்காமல் நூறு, இருநூறு டர்ன் உட்கார்ந்திருப்பது வழக்கமானது. இதற்கு விளையாட்டாளர்கள் வைத்த பெயர் 'பால் கறப்பது'. மாடு நிற்கிற வரைக்கும் கறப்பது!

இந்தக் கறவை வேலை எப்படி இருக்கும் என்றால், ஒரு அரசனுடைய வேலை மாதிரி இருக்காது, ஒரு குமாஸ்தாவின் வேலை மாதிரி இருக்கும். ஒவ்வொரு வயலுக்கும் பாசனம், அதன் மேல் ரயில் பாதை. 12 பேருக்கு மேல் ஊர் வளர மருத்துவமனை. எட்டு வகை ஆடம்பரப் பொருளும் கைக்கு வர வேண்டும். சந்தை இருக்கும் ஊரில் அந்த எட்டும் சேர்ந்து 20 மகிழ்ச்சி முகங்களைத் தரும். 12 பேர் உள்ள ஊரில் எல்லோரும் திருப்தியாக இருந்தால் 12 புள்ளி, எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தால் 24. பட்டும் சாயமும் ஒயினும் ஒரு ஊரை இரண்டு ஊர் ஆக்குகின்றன. அந்தப் பொருள்கள் எதிரி நாட்டில் விளைந்தால்? மறுபடியும் படைதான்.

இவ்வளவு நிலம் சேர்ப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. உலக நிலத்தில் 66 சதவீதமும் மக்கள் தொகையில் 66 சதவீதமும் கைக்கு வந்தால் அது ஆதிக்க வெற்றி. ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். கலாச்சார வெற்றி வேண்டும் என்று ஆடுபவருக்கு இது பெரிய தலைவலி. நிலம் 60 சதவீதம் வரை வந்து நின்றுவிட்டார், படையையும் நிறுத்திவிட்டார் என்று வையுங்கள். எல்லையோர ஊர்களில் கட்டிய கோயில்கள் மட்டும் நிற்காது. 10 புள்ளி, 100 புள்ளி என்று சேரச் சேர எல்லை தானாக விரிந்து, ஒரு நாள் காலை 66-ஐத் தாண்டிவிடும். கலாச்சாரத்துக்காகக் கட்டிய கோயிலே கலாச்சார வெற்றியைக் கெடுத்துவிடும்! அதனால் இவர்கள் சில ஊர்களில் கோயிலே கட்டாமல் விடுவார்கள், கட்டியதை விற்பார்கள், சில ஊர்களை எதிரிக்கே தானம் செய்வார்கள். ஒரு லட்சம் புள்ளி எந்த வருடத்தில் விழ வேண்டும் என்று நாள் குறித்து, அதற்கு முன்னால் விழுந்துவிடாமல் பார்த்துக் கொள்வார்கள்.

ஊரைக் கொளுத்திய பண்பாடு

இன்னும் கசப்பான விஷயம் ஒன்று இருக்கிறது. சிவிலைசேஷன் 3-இல் பண்பாட்டுக் கவர்ச்சியால் ஊர்கள் கட்சி மாறும். எதிரியின் எல்லையோர ஊர், நம் நாட்டின் பண்பாடு உயர்ந்தது என்று நினைத்தால் தானாக வந்து சேர்ந்துவிடும். படைபலம் உள்ளவனைப் பண்பாடு கட்டிப் போடட்டும் என்ற நல்ல நோக்கம் தெரிகிறது.

நடந்தது என்ன? போரில் பிடித்த ஊரில் 20 படைப்பிரிவுகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். அடுத்த டர்னில் அந்த ஊர் பழைய நாட்டுக்கே திரும்பிவிடும். உள்ளே இருந்த 20 படையும் காற்றில் கரைந்துவிடும். எத்தனை பேர் கீபோர்டை ஓங்கி அடித்திருப்பார்களோ! ஊர் மாறும் வாய்ப்பு பல காரணங்களால் கூடும் குறையும்: இரு நாட்டுக் கலாச்சாரத்தின் விகிதம், தலைநகரம் எவ்வளவு தூரம், ஊருக்குள் அந்நிய மக்கள் எத்தனை பேர், எத்தனை காவல் படை. இதைப் புரிந்து கொண்ட விளையாட்டாளர்கள் கண்டுபிடித்த வைத்தியம், பிடித்த ஊரை உடனே எரித்துத் தரைமட்டமாக்கி அதே இடத்தில் தன் மக்களைக் குடியேற்றுவது. அல்லது ஊரை வைத்துக் கொண்டு, பழைய மக்களைப் பட்டினி போட்டுக் குறைப்பது. இது ஏதோ கொடூர மனம் கொண்டவர்கள் செய்தது அல்ல. பொறுமையாக ஸ்கோர் பார்த்து ஆடிய சாதாரண ஆட்கள் கணக்குப் பார்த்துச் செய்தது. அந்த ஊரின் பழைய கோயில்களும் பிடித்தவனுக்குப் பயன்படாது. ஊரைப் பிடிக்கும்போதே கலாச்சாரக் கட்டடங்கள் அழிந்துவிடும்.

போரைக் குறைக்க வந்த விதி, ஊர்களை எரிப்பதை லாபமாக்கிவிட்டது. வரலாற்றிலும் இப்படி நடந்ததில்லையா என்று கேட்டால், நடந்திருக்கிறது. கி.மு. 146-இல் ரோம் கார்த்தேஜை அழித்ததும், பின்னால் அதே இடத்தில் ரோமானியக் குடியேற்றத்தை அமைத்ததும் எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் வருவதுதான்.

மூன்று நகரங்கள், ஒன்பது கோயில்கள்

2005-இல் வந்த சிவிலைசேஷன் 4-ஐ வடிவமைத்தவர் சோரன் ஜான்சன். மூன்றாம் பாகத்திலும் வேலை செய்தவர். அதனால் அதன் ஓட்டைகள் அவருக்குத் தெரிந்திருந்தன. இந்த முறை நாட்டின் மொத்தக் கணக்கு கிடையாது. மூன்று நகரங்கள் 'புராணப் புகழ்' நிலையை எட்ட வேண்டும். சாதாரண வேகத்தில் ஒவ்வொன்றும் 50,000 புள்ளி. (இந்தப் பாகத்தின் தொடக்கப் பாட்டு 'பாபா யேத்து' 2011-இல் கிராமி விருது வாங்கியது. வீடியோ கேமுக்காக எழுதப்பட்ட இசைக்குக் கிராமி கிடைத்தது அதுதான் முதல் தடவை.)

இருநூறு ஊர்ப் பைத்தியம் இதில் அடங்கியது. ஒவ்வொரு மதத்தின் பேராலயமும் நகரத்தின் கலாச்சாரத்தை 50 சதவீதம் கூட்டும். ஒரு பேராலயத்துக்கு அந்த மதத்தின் மூன்று கோயில்கள் தேவை. மூன்று நகரத்துக்கும் வேண்டுமென்றால் ஒன்பது கோயில், ஆக ஒன்பது ஊர். இந்த ஒன்பது என்ற எண் கலாச்சார ஆட்டக்காரர்களுக்கு மனப்பாடம். புத்தம், இந்து, யூதம், கிறித்தவம், இஸ்லாம் என்று எத்தனை மதம் நாட்டுக்குள் வருகிறதோ அவ்வளவு லாபம். மதச் சண்டைக்குப் பேர் போன உலக வரலாற்றில், எல்லா மதத்துக்கும் இடம் கொடுப்பவன் ஜெயிப்பான் என்று ஒரு விதி. கணக்குக்காகத்தான் என்றாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு மகா கலைஞர்கள். ஒரு கலைஞரை ஒரு நகரத்தில் அர்ப்பணித்தால் ஒரே அடியில் 4000 புள்ளி. இதற்கு 'கலாச்சார வெடிகுண்டு' என்று பெயர் வைத்தார்கள், அமைதி வழியிலும் குண்டு இல்லாமல் பேச வரவில்லை பாருங்கள்! முதல் மகானுக்கு 100 புள்ளி சேர்த்தால் போதும், அடுத்தவருக்கு 200, அதற்கடுத்தவருக்கு 300 என்று ஏறிக் கொண்டே போகும். எனவே ஒரு ஊரை முழுக்கக் கலைஞர்களுக்கென்றே ஒதுக்கி, விளைச்சல் எல்லாவற்றையும் அவர்களுக்குச் சோறாகப் போட வேண்டும்.

கடைசிக் கட்டம்தான் நெஞ்சு படபடக்கும் இடம். நாட்டின் வருமானத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்து முழுக்கக் கலாச்சாரத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அந்த நிமிடத்தோடு அறிவியல் நின்றுவிடும். பக்கத்து நாட்டுக்காரன் துப்பாக்கி, பீரங்கி என்று போய்க் கொண்டிருப்பான். இங்கே கோட்டையில் வில் வீரர்கள். மூன்று நகரங்களில் ஒன்று விழுந்தாலும் ஆட்டம் காலி. "இன்னும் 12 டர்ன், இன்னும் 11 டர்ன்" என்று எண்ணிக் கொண்டு, எதிரிக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்து, அவனை வேறொருவனோடு சண்டைக்கு மூட்டிவிட்டு ஆடுகிற அந்த நேரத்துக்குச் சமமாகப் பல போர் விளையாட்டுகளில்கூட ஒன்றும் இல்லை.

ஸ்கோர்? இங்கேயும் பழைய கதைதான். மக்கள் தொகைக்கு 5000, நிலத்துக்கு 2000, தொழில்நுட்பத்துக்கு 2000, அதிசயங்களுக்கு 1000 என்ற விகிதத்தில் புள்ளிகள். கலாச்சாரத்துக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் பால் கறப்பதை ஜான்சன் குழு ஒடுக்கிவிட்டது. சீக்கிரம் ஜெயித்தால் ஸ்கோர் பல மடங்கு பெருகும், இழுத்தால் கரையும். ஆகவே உச்ச ஸ்கோர் வேண்டும் என்பவர் முதலில் வேகமாக ஒன்றிரண்டு நாடுகளைப் பிடித்து மக்கள் தொகையைப் பெருக்கி, அந்த வருமானத்தைக் கலாச்சாரத்தில் கொட்டி முடிப்பார். ஒன்பது ஊரோடு யாரையும் தொடாமல் ஜெயித்தவருக்குச் சிரமம் அதிகம், புள்ளி குறைவு. தர வரிசையில் உச்சத்தில் அகஸ்டஸ் சீசர், அடியில் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டான் குவேல். அமைதியாக ஆடியவர் சீசரை எட்டுவது அபூர்வம்.

பிறகு வந்தவை

2010-இல் வந்த ஐந்தாம் பாகம் சின்ன நாட்டுக்குச் சாதகமானது. கலாச்சாரத்தைக் கொடுத்துச் சமூகக் கொள்கைகளை வாங்கி, ஐந்து கொள்கை மரங்களை முடித்து 'உட்டோபியா' என்ற திட்டத்தைக் கட்ட வேண்டும். ஊர் கூடக் கூடக் கொள்கையின் விலையும் ஏறும். சில பெரிய ஊர்களோடு வாழப் பொருத்தமான காந்தியின் இந்தியா இதற்கு நல்ல தேர்வு. (காந்தி அணுகுண்டு போடுவார் என்று பிரபலமான கதை முதல் பாகத்தில் இருந்த ஒரு கணக்குப் பிழையால் வந்தது என்பார்கள். அப்படி ஒரு பிழையே இல்லை என்று சிட் மெயர் 2020-இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார்.) ஆனால் இங்கேயும் ஒரு சந்து உண்டு. பிடித்த ஊரைப் பொம்மை அரசாக வைத்துக் கொண்டால் கொள்கை விலை ஏறாது. ஸ்கோர் பிரியர்கள் சுற்றிலும் பொம்மை அரசுகளை வைத்துக் கொண்டு நடுவில் உட்டோபியா கட்டினார்கள்! லட்சியபுரிக்குப் பக்கத்திலேயே அடிமை ஊர்கள் என்பது விளையாட்டை வடிவமைத்தவர்கள் நினைத்த நையாண்டியா, தற்செயலா, தெரியாது.

2013-இல் வந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' சேர்க்கையில் சுற்றுலா வந்தது. ஓவியம், இசை, இலக்கியம், புதைபொருள் எல்லாவற்றையும் அருங்காட்சியகத்தில் வைத்து மற்ற நாடுகள் ஒவ்வொன்றையும் கவர வேண்டும். தோற்கும் நாட்டுத் தலைவர், தன் மக்கள் உங்கள் ஜீன்ஸையும் பாப் பாட்டையும் வாங்கத் தொடங்கிவிட்டதாக அலுத்துக் கொள்வார். ஜோசப் நை சொன்னது முழுசாக உள்ளே வந்தது இந்த இடத்தில்தான். கவர்வதற்கு மசியாத ஒரு நாடு மிச்சமிருந்தால் கடைசியில் படையெடுத்து அந்த நாட்டையே இல்லாமல் செய்வதும் பலர் கையாண்ட வழி. 2016-இன் ஆறாம் பாகம் இதையே தேசியப் பூங்கா, கடற்கரை விடுதி என்று விரித்தது. 2019-இல் வந்த சேர்க்கையில் ராக் இசைக் குழுக்கள் எல்லை தாண்டிப் போய்க் கச்சேரி செய்தன.

2025 பிப்ரவரியில் ஏழாம் பாகம் வந்தபோது அதில் கலாச்சார வெற்றி நவீன யுகத்தில்தான் கிடைத்தது. பழம்பொருள்களைத் தோண்டி எடுத்து வைத்து, உலகக் கண்காட்சியைக் கட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய யுகத்தில் ஆடக் கிடைத்த நாகரிகங்களில் ஒன்று சோழர். அவர்களுக்குரிய உலக அதிசயமாகத் தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது.

விளையாட்டில் அதைக் கட்ட உற்பத்திப் புள்ளிகள் சேர்த்தால் போதும். உண்மையான கோயிலை 1010-இல் முடித்த ராஜராஜன், அதற்குக் கொடுத்த பொன்னையும் பாத்திரங்களையும் சுவர்களிலேயே பட்டியல் போட்டு வெட்டி வைத்திருக்கிறான். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டு வந்த பண்டாரத்திலிருந்து கொடுத்தவை எவை என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.